பெருவிரலின் பெறுமதி

ஆலையொன்றிலே இயந்திரத்தின் பற்சில்லிடை அகப்பட்டு ஒரு தொழிலாளியின் பெருவிரல் துண்டிக்கப்படுகின்றது. காயம் சில வாரங்களில் ஆறிவிடும், விரலோ மீளப்போவதில்லை. அவ்விழப்புக்கு ஈடாக அவனுக்கு எவ்வளவு பணம் அளித்தல் வேண்டும்? இவ்வினாவை 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திடம் வினவின், நூற்றுக்கு 25 என்னும். அதே சட்டத்தை 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வினவின், நூற்றுக்கு 30 என்னும். நியூ யோர்க் மாநிலத்துச் சட்டம் 75 வாரம் என்னும். 1897ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமோ, விரலைப்பற்றி யாதும் அறியேன், அவன் கூலி எவ்வளவு குறைந்தது என்று கூறுக என்று எதிர்வினா எழுப்பும்.

இவ்விடைகள் வேறுபடுதற்குக் காரணம் கணிதமன்று. அளக்கப்படும் பொருள் யாது என்பதிலேயே சட்டங்கள் தம்முள் மாறுபடுகின்றன. இழந்தது உடலின் ஓர் உறுப்பா, அன்றி அவ்வுறுப்பினால் உழைத்துண்ட பிழைப்பா? தொழிலாளர் நட்டஈட்டின் வரலாறு முழுவதும் இவ்விரு விடைகளுக்கு இடையே ஊசலாடிய வரலாறேயாகும்.

உறுப்புக்கு விலை குறித்தல் மிகத் தொன்மையான வழக்கம். ஹமுராபியின் சட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்டது ஊர்-நம்மு என்னும் சுமேரிய மன்னன் பெயரால் வழங்குஞ் சட்டத் தொகுதி. இஸ்தான்புல் நூதனசாலையில் இருந்த களிமண் ஏட்டிலிருந்து அதனைச் சாமுவேல் நோவா கிரேமர் என்னும் அறிஞர் 1952ஆம் ஆண்டில் படித்தறிந்து உலகுக்கு அளித்தார். அதன்படி பிறனொருவனின் கண்ணைப் போக்கியவன் அரை மினா வெள்ளியும், பல்லைத் தகர்த்தவன் 2 செக்கேல் வெள்ளியும் நிறுத்துக் கொடுத்தல் வேண்டும். ஒரு மினா 60 செக்கேல் ஆதலின், ஒரு கண் பதினைந்து பற்களுக்கு நிகராயிற்று. கி. பி. 600ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கென்ற் நாட்டை ஆண்ட எதெல்பேர்ட் மன்னனின் சட்டம் இன்னும் நுணுக்கமானது. கண்ணுக்கு 50 சிலிங், பாதத்துக்கு 50 சிலிங், பெருவிரலுக்கு 20, அதன் நகத்துக்கு மாத்திரம் 3 என அது வகுத்தது. நடுவிரலுக்கு 4 சிலிங்கே விதித்த அச்சட்டம் சுண்டுவிரலுக்கு 11 சிலிங் விதித்தமை இக்காலத்தாருக்கு வியப்பளிக்கும். எனினும் பிடியின் உறுதி சுண்டுவிரற் பக்கத்தைப் பெரிதும் சார்ந்தது என்பதை வாளோ சம்மட்டியோ பிடித்த எவரும் அறிவர்.

பாரத நாட்டிலே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உறுப்புக்களுக்குப் பணத்தளவு கூறுகின்றது; ஆயின் அஃது இழந்தவனுக்குக் கொடுக்கும் ஈடன்று; தண்டனையாக உறுப்பை இழக்கவேண்டியவன் அதனை மீட்டுக்கொள்ளச் செலுத்தும் பணமாகும். மூன்றாம் முறை குற்றஞ் செய்த ஒருவகைக் கள்வனின் வலக்கை அங்கு 400 பணம் பெறும்.

இத்தொன்மைச் சட்டங்களுள் எதுவும் தொழிலாளியைக் கருதி எழுந்ததன்று. அடித்தவன் அடிபட்டவனுக்குச் செலுத்துங் கடனையே அவை வரையறுத்தன. உழைப்பின்போது நேர்ந்த ஊனத்துக்குக் கூட்டுப் பொறுப்பில் ஈடளிக்கும் வழக்கத்தை முதன்முதல் தெளிவாகக் காணுமிடம், சொல்ல நாணந்தரினும், கடற்கொள்ளையரின் கப்பலேயாம். கரீபியக் கடற் கொள்ளையருடன் வாழ்ந்த எக்ஸ்குவெமெலின் என்பவர் 1678ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் அவர்தம் உடன்படிக்கையைக் குறித்துள்ளார். பயணந் தொடங்குமுன்னரே ஈட்டுத்தொகை எழுதப்பட்டது. வலக்கை இழந்தவனுக்கு வெள்ளி நாணயம் 600 அல்லது அடிமைகள் அறுவர்; இடக்கைக்கு 500; வலக்காலுக்கு 500; இடக்காலுக்கு 400; கண்ணுக்கும் விரலுக்கும் தனித்தனி 100. பங்கு பிரிக்குமுன் பொதுப் பொருளிலிருந்து இத்தொகை எடுக்கப்பட்டது. எவர் தவற்றினால் ஊனம் நேர்ந்தது என்ற விசாரணை அங்கு இல்லை. நாகரிக நாடுகளின் சட்டம் அந்நிலையை எய்துதற்கு இன்னும் இருநூறு ஆண்டு சென்றது.

சென்றதற்குக் காரணமும் உண்டு. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு எழுந்தது. கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் ஏவலாள், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றிய வண்டியில் ஏவப்பட்டுச் சென்று, வண்டி முறிந்து தொடையெலும்பு முறியப்பெற்றான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் அளித்தனர். மேல் விசாரணையில் அபிங்கர் பிரபு அத்தீர்ப்பை மாற்றினார். உடனூழியன் ஒருவனின் கவனக்குறைவால் நேருந் தீங்குக்கு எசமானன் பொறுப்பாளியாயின், அப்பொறுப்புக்கு எல்லையே இராது என்பது அவர் கருத்து. இதினின்றும் வளர்ந்த உடனூழியக் கோட்பாடு, நீராவி இயந்திரமும் இருப்புப் பாதையும் பெருகிய காலத்தில் தொழிலாளியின் வழியை அடைத்து நின்றது. ஆயிரவர் ஒருங்கு வேலைசெய்யும் சுரங்கத்தில் விபத்தொன்று நேரின், பெரும்பாலும் உடனூழியன் ஒருவனின் கைப்பிழை அதில் இல்லாமற் போகாதன்றோ! 1880ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வடைப்பைச் சிறிதே தளர்த்திற்று.

வழியை முற்றாகத் திறந்தவர் ஜேர்மனியின் பிஸ்மார்க். தொழிலாளர்பால் அவர் கொண்ட அன்பினும் பொதுவுடைமைக் கட்சியின் வளர்ச்சிபற்றிய அச்சமே அவரை உந்திற்று. ஆயினும் பயன் பயனே. 1884ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிறைவேறிய விபத்துக் காப்புறுதிச் சட்டம், தவறு எவருடையது என்னும் வினாவையே ஒதுக்கிவிட்டு, தொழிலதிபர் சங்கங்கள் திரட்டும் நிதியிலிருந்து ஈடளிக்குமாறு விதித்தது. முதற் பதின்மூன்று வாரமும் நோய்க் காப்புறுதி நிதி உதவும். அதன்பின் உழைப்புத் திறனை முற்றாக இழந்தவன் தன் ஊதியத்தின் மூன்றிலிரண்டு பங்கை உபகாரப் பணமாகப் பெறுவான். திறனில் ஒரு பகுதியை இழந்தவன் அத்தொகையில் அதற்கேற்ற பகுதியைப் பெறுவான். நட்டஈட்டுக் கணக்கின் இலக்கணம் இங்கேதான் பிறந்தது. முழு இழப்புக்கு ஒரு தொகை. பகுதி இழப்புக்கு அதன் பின்னம். பின்னத்தை எங்ஙனம் காண்பது என்பதே எஞ்சிய பிரச்சினை.

யோசப் சேம்பர்லேன் முன்னின்று நிறைவேற்றுவித்த 1897ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், 1898 யூலை 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அது பின்னத்தை முன்கூட்டிக் குறிக்கவில்லை. வார ஊதியத்தின் பாதி, எவ்வாறாயினும் ஒரு பவுணுக்கு மேற்படாமல், என்பது அதன் உச்ச அளவு. பகுதி ஊனமாயின், விபத்துக்கு முன் அவன் ஈட்டியதற்கும் பின் ஈட்டக்கூடியதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்கித் தொகை நிருணயிக்கப்படும். கொள்கையளவில் இதனினும் நேர்மையானது வேறில்லை. இழந்தது பிழைப்பாயின் பிழைப்பையே அளத்தல் வேண்டுமன்றோ? நடைமுறையிலோ இடர் பல விளைந்தன. விரலிழந்தும் பழைய கூலிக்கே திரும்பிய வலியன் யாதும் பெறாதொழிந்தான். “ஈட்டக்கூடிய” கூலி எவ்வளவென்பது வழக்கறிஞர்தம் வாதத்துக்கு விளைநிலமாயிற்று. வறுமையால் வாடிய தொழிலாளி வழக்கின் முடிவை நோக்கி இராது, காப்புறுதிக் கம்பனி நீட்டிய சிறு தொகைக்குக் கைச்சாத்திட்டு அகன்றான். 1942ஆம் ஆண்டில் பெவரிட்ஜ் அறிக்கை இம்முறையைக் கண்டித்து மாற்று வழி கூறும்வரை இந்நிலை நீடித்தது.

அமெரிக்க மாநிலங்கள் மறுவழி சென்றன. நியூ யோர்க்கின் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தை அம்மாநிலத்து உயர்நீதிமன்றம் 1911 மார்ச் 24ஆந் தேதி செல்லாதென்றது. மறுநாளே அந்நகரில் திரையாங்கிள் ஆடை ஆலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே விஸ்கொன்சின், நியூ யேர்சி முதலிய மாநிலங்கள் சட்டமியற்றின. நியூ யோர்க் தன் அரசியலமைப்பையே திருத்தி, பின்னர் புதுச் சட்டமியற்றிக்கொண்டது. இச்சட்டங்கள் பலவற்றின் சிறப்பியல்பு உறுப்புக்களை வாரங்களாக மாற்றும் அட்டவணையாகும். இன்று வழங்கும் நியூ யோர்க் அட்டவணையில் கை முழுவதும் 312 வாரம், மணிக்கட்டின் கீழ்ப்பகுதி 244 வாரம், பெருவிரல் 75 வாரம், சுட்டுவிரல் 46, நடுவிரல் 30, சுண்டுவிரல் 15. ஊதியத்தின் மூன்றிலிரண்டு பங்கை அவ்வார எண்ணிக்கையாற் பெருக்கினால் விடை கிடைக்கும். எதெல்பேர்ட் மன்னன் நடுவிரலினும் உயர்வாக மதித்த சுண்டுவிரல் இங்கு யாவற்றினும் கடைப்பட்டது. வாளின் காலமன்று இது.

இவ்விரு நெறியையும் ஒருங்கிணைக்க முயன்றது 1923ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். 1924 யூலை 1ஆந் தேதி அமுலுக்கு வந்த அச்சட்டம், சிவில் நீதிமன்றங்களின் நெடுவழக்கைத் தவிர்த்து, ஆணையாளர் ஒருவர் விரைந்து தீர்க்கத்தக்க எளிய கணக்கை நாடிற்று. வளர்ந்த ஒருவன் நிலையான முழு ஊனமுற்றால் 42 மாத ஊதியம், 3,500 ரூபாவுக்கு மேற்படாமல் பெறுவான். பகுதி ஊனமாயின் முதலாம் அட்டவணையிலுள்ள விகிதப்படி அதில் ஒரு பங்கு பெறுவான். முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை போனால் நூற்றுக்கு 70, இடக்கைக்கு 60, முழங்காலிலோ அதற்கு மேலோ கால் போனால் 60, செவிப்புலன் முற்றாயின் 50, ஒரு கண் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் ஒவ்வொன்றும் 5.

உதாரணமாக, மாதம் 20 ரூபா ஊதியம் பெற்ற ஒருவனை எடுத்துக்கொள்வோமாயின், அவனுடைய முழு ஊனத்தின் ஈடு 840 ரூபா. வலக்கை இழப்புக்கு 588 ரூபா, கண்ணுக்கு 252, பெருவிரலுக்கு 210, மோதிரவிரலுக்கு 42 ரூபா. பள்ளி மாணவனும் போடத்தக்க கணக்கு. ஆணையாளரின் முன் வாதிக்க வேண்டுவது இரண்டே: விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததா? ஊதியம் எவ்வளவு? எழுத்தறியாத் தொழிலாளிக்கு இவ்வெளிமை பேருதவியாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின் அவ்வட்டவணையின் தலைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். அது “உழைக்குந் திறனின் இழப்பு” என்கின்றது. கீழே நிரல்படுத்துவனவோ உறுப்புக்கள். அச்சுக் கோப்பவனின் சுட்டுவிரலும் காவற்காரனின் சுட்டுவிரலும் அங்கு ஒரே விலையின. இடக்கை வழக்கமுடைய தச்சனுக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. கடற்கொள்ளையரின் உடன்படிக்கையிற் போலவே இங்கும் வலக்கை இடக்கையினும் உயர்ந்து நின்றது.

இவ்விந்திய முறையைத் தழுவியே இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆணையாளர், காய அட்டவணை, விகிதம் ஆகிய மூன்றும் இங்கும் வந்தன. மாத ஊதியத்தைப் பெருக்கும் முறைக்குப் பதிலாக ஊதியத்தைப் படிகளாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய தொகையை ரூபாவிற் குறிக்கும் அட்டவணை அமைந்தது. அஃதும் 1933ஆம் ஆண்டில் இந்தியா செய்துகொண்ட திருத்தத்தை ஒட்டியதே.

இதனிடையே உலகப் போர்கள் அளவுகோலை மாற்றின. முதலாம் போரில் ஊனமுற்று மீண்ட பிரித்தானியப் போர்வீரருக்கு உபகாரப் பணம் அளித்தற்கு, அவர்தம் முன்னைய தொழிலை நோக்குதல் பொருந்தாதெனக் கருதப்பட்டது. கால் இழந்த வங்கி எழுதுவினைஞனும் கால் இழந்த சுரங்கத் தொழிலாளியும் நாட்டுக்குக் கொடுத்தது ஒன்றேயன்றோ! எனவே ஒத்த வயதுடைய நலமுள்ள மனிதனோடு ஒப்பிட்டு, உடலின் ஊனம் மாத்திரம் நூற்று வீதத்தில் அளக்கப்பட்டது. இவ்வளவுகோலையே 1946ஆம் ஆண்டின் கைத்தொழிற் காயக் காப்புறுதிச் சட்டம் ஆலைத் தொழிலாளருக்கும் விரித்தது. 1948 யூலை 5ஆந் தேதி தொடங்கிய அத்திட்டத்தில் நூறு வீத ஊனத்துக்கு வாரம் 45 சிலிங். பெருவிரலுக்கு 30 வீதம், சுட்டுவிரலுக்கு 14, கால் பெருவிரலுக்கு 14, மற்றைக் கண் நலமாயிருக்க ஒரு கண் இழப்புக்கு 40 வீதம். கூலி எவ்வளவென்ற கேள்வியே எழவில்லை. எனினும் பழைய தொழிலுக்கு மீள இயலாதவனுக்கெனத் தனியொரு இடர்ப்படி அதனோடு சேர்க்கப்பட்டது. உடலை ஒரு கணக்கிலும் பிழைப்பை மற்றொரு கணக்கிலும் பிரித்து வைத்தமை அத்திட்டத்தின் அறிவுடைமை எனலாம்.

இனிக் கூறுவது இவ்வரலாற்றிலே கவனத்துக்குரிய ஓர் இடம். 1962ஆம் ஆண்டில் இந்தியா தன் முதலாம் அட்டவணையைத் திருத்தியது. பெருவிரல் 25இலிருந்து 30ஆக உயர்ந்தது. சுட்டுவிரல் 10இலிருந்து 14ஆக. கண் 30இலிருந்து 40ஆக. கால் பெருவிரல் 10இலிருந்து 14ஆக. இவை பிரித்தானிய எண்களே. வலக்கை இடக்கை வேற்றுமையும் மறைந்தது. தொழிலாளிக்கு இது நன்மையே. ஆயின் பிரித்தானியாவில் இவ்வெண்கள் உடலின் ஊனத்தை அளந்தன. உழைப்பையோ கூலியையோ கருதாமலே ஆக்கப்பட்டன. இந்திய அட்டவணையின் தலைப்போ இன்னும் “உழைக்குந் திறனின் இழப்பு” என்றே நின்றது. ஒரு பொருளை அளக்க ஆக்கிய கோலைக்கொண்டு வேறொரு பொருளை அளந்தவாறாயிற்று. பிரித்தானியர் அருகில் வைத்திருந்த இடர்ப்படி கடல் கடந்து வரவில்லை.

இப்பிழையின் விளைவு ஒரு தச்சுத் தொழிலாளியின் வழக்கில் வெளிப்பட்டது. வேலைசெய்கையில் விழுந்த அவனது இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அட்டவணை அதனைப் பகுதி ஊனமாகவே கொள்ளும். அவ்விகிதமே தரத்தக்கது என்று எசமானர் வாதித்தார். ஆணையாளரோ ஒரு கையால் தச்சுவேலை செய்தல் ஒல்லாதென்று கண்டு முழு ஊனமெனத் தீர்த்தார். இந்திய உச்ச நீதிமன்றம் 1975ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. விபத்து நேர்ந்தபொழுது தொழிலாளி செய்யவல்லவனாயிருந்த வேலைகள் யாவற்றுக்கும் அவனை ஆகாதவனாக்குவதே முழு ஊனம் என்னும் சட்டத்தின் சொல்விளக்கமே அதற்குத் துணையாயிற்று. மகாபாரதத்திலே துரோணர் ஏகலைவனிடம் கேட்டது ஒரு விரலையே. அட்டவணை அதற்கு நூற்றுக்கு 30 கூறும். வில்லாளியான அவன் இழந்ததோ நூறு என்பதை ஆசிரியரும் அறிவார், மாணவனும் அறிவான்.

2010ஆம் ஆண்டில் வீதி விபத்து வழக்கொன்றில் அந்நீதிமன்றம் இக்கருத்தை மேலும் விளக்கியது. மருத்துவர் கூறும் உடலூனத்தின் வீதம் வேறு. அதனால் விளையும் வருவாய் இழப்பின் வீதம் வேறு. இடக்கை இழந்தவன் சாரதியோ தச்சனோ ஆயின் அவன் இழப்பு ஏறத்தாழ முழுமையானது. அரசாங்க எழுதுவினைஞனாயின் அவன் வேலை போகாமலே இருக்கலாம். மருத்துவர் ஊனத்தை மாத்திரம் கூறுதல் வேண்டும். இழப்பைக் கணித்தல் தீர்ப்பாளர் கடன். ஆயினும் இதனால் 1897ஆம் ஆண்டின் பழைய வாதங்கள் வேறொரு வாயில்வழி மீண்டும் உட்புகுந்தன என்பதையும் மறத்தலாகாது. எளிமையையும் நேர்மையையும் ஒருசேரப் பெறுதல் இத்துறையில் அரிது.

வயதுபற்றியும் ஒரு சொல். இருபத்தைந்து வயதினன் இழந்த கை நாற்பதாண்டு உழைத்திருக்கும். அறுபது வயதினன் கை சில்லாண்டே உழைத்திருக்கும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் பராயமடையாதோருக்கு 42க்குப் பதிலாக 84 மாத ஊதியம் விதித்ததோடு நின்றது. 1984ஆம் ஆண்டுத் திருத்தமே ஒவ்வொரு வயதுக்கும் உரிய காரணியைத் தந்தது. 25 வயதுக்கு அது 216.91, 60 வயதுக்கு 117.41. 2010இல் அமைந்த விதிப்படி, மாத ஊதியத்தின் நூற்றுக்கு அறுபதைக் காரணியாற் பெருக்குதல் முழு ஊனத்தின் ஈடாகும். அப்பொழுது கணக்குக்கு எடுக்கத்தக்க ஊதியத்தின் மேலெல்லையாகிய 8,000 ரூபாவைக் கொள்வோமாயின், இளைஞனின் முழு ஊனம் 1,041,168 ரூபா. முதியவனது 563,568 ரூபா. பெருவிரல் இளைஞனுக்கு 312,350 ரூபா. முதியவனுக்கு 169,070 ரூபா. 2020இல் இயற்றப்பட்ட இந்தியச் சமூகப் பாதுகாப்புச் சட்டக்கோவையும் காரணி முறையையே தழுவிக்கொண்டது.

தொகையைக் கணித்தபின் அதனை எவ்வாறு கொடுப்பது என்பதும் சிறு வினாவன்று. ஜேர்மனியும் பிரித்தானியாவும் தவணைதோறும் கொடுத்தன. இந்தியாவும் இலங்கையும் நிலையான ஊனத்துக்கு ஒரே முறையில் மொத்தமாகக் கொடுத்தன. 1925ஆம் ஆண்டில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நிறைவேற்றிய 17ஆம் இலக்க உடன்படிக்கை, நிலையான ஊனத்துக்கும் இறப்புக்கும் காலந்தோறும் பணம் அளித்தலே முறையென்றும், தக்கவாறு பயன்படும் என்று அதிகாரிகள் திருப்தியுற்றாலன்றி மொத்தத் தொகை கொடுத்தலாகாதென்றும் விதித்தது. மொத்தத் தொகையிற் சிறு கடையோ காணித்துண்டோ வாங்கி நிமிர்ந்தோர் உண்டு. கடன்காரர் கைக்கும் சீதனத்துக்கும் அது கரைந்துபோக, வெறுங்கையுடன், அதுவும் ஒரு கையுடன், நின்றோரும் உண்டு.

ரூபாவில் எழுதிய தொகைக்கு மற்றுமொரு பகை உண்டு. அது பணத்தின் மதிப்புக் குறைவு. ஊதியத்தைப் பெருக்கும் முறையில் கூலி உயர ஈடும் ஓரளவு உயரும்; படி வகுத்துத் தொகை எழுதும் முறையிலோ சட்டத்தைத் திருத்தும்வரை எண் அசையாது. இலங்கைப் பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உச்சத் தொகையை 550,000 ரூபாவாக்கியது. அவ்வெல்லை 2022ஆம் ஆண்டுவரை, பதினேழாண்டு, அப்படியே நின்றது. அவ்வாண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதனை 2,000,000 ரூபாவாக உயர்த்தியதோடு, வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் நேரும் விபத்தையும் நட்டஈட்டுக்குரியதாக்கியது. இடைப்பட்ட பதினேழாண்டில் கையிழந்தவர்களின் கணக்குப் பழைய எல்லைக்குள்ளேயே தீர்க்கப்பட்டது.